மூன்றாவது முள்

“தம்பி, இந்த விளக்குக்காவது மூணு முள்ளு பிளக்கு வை. உங்கண்ணன் மாதிரி ரெண்டோட நிறுத்திடாத.”

அண்ணி சமையலறை வாசலில் நின்று சொன்னாள். அழுகையெல்லாம் அண்ணன் செத்த முதல் வாரத்தோடு தீர்ந்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது கோபம்தான்.

அவன் பச்சை வயரைத் தூக்கிக் காட்டினான். எர்த் வயர், மூன்றாவது முள்ளுக்குப் போவது.

கூடத்து மூலையில் நாலடிக் கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர். பத்தொன்பது நாளாக வெளிச்சம் இல்லாமல், உள்ளே விரல் விரலாய் அசைந்துகொண்டிருந்த பவளம் சாயம் போன துணி மாதிரி வெளுத்திருந்தது. இன்னும் நாலைந்து நாள் தாங்கினால் பெரிய விஷயம். வழக்கமாக அதன் மடியில் படுத்துக் கிடக்கும் ஆரஞ்சு மீன்கள் இரண்டும் போக்கிடம் தெரியாமல் மூலையில் நின்றன.

மகளுக்காகத்தான் அண்ணி இதற்குச் சம்மதித்தாள். அப்பா போன வீட்டில் மீனும் போனால் பிள்ளை தாங்காது. இல்லையென்றால் தொட்டியை என்றைக்கோ தெருவில் போட்டு உடைத்திருப்பாள்.

கடையில் பவளத்துக்கென்று விற்கிற விளக்கின் விலைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிவிடலாம். அதனால்தான் வீட்டிலேயே செய்வது. ஜன்னலுக்குப் போடும் அலுமினியச் சட்டம். சூட்டை இழுக்க, காயலான் கடையில் பொறுக்கிய தகடு. நீலம் எட்டு, வெள்ளை நாலு என்று பொட்டுப் பொட்டாக எல்.இ.டி. பவளத்துக்கு நீல வெளிச்சம்தான் சோறு.

அவன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். இடது கைக்காரன்; வீட்டில் எல்லோரும் அவனைக் கூப்பிடுவதே ‘நொட்டாங்கை’ என்றுதான். உலகம் வலப்பக்கம் முறுக்கும் வயரை அவன் இடப்பக்கம் முறுக்குவான். கடை முதலாளி திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்.

“பால்கனியில நீ கட்டிக் கொடுத்த துணிக் கம்பிய அவுக்கப் போயி எனக்கு நகம் பிஞ்சதுதான் மிச்சம்” என்றபடி அண்ணி வந்து எதிரில் உட்கார்ந்தாள். “தலைகீழா நின்னாத்தான் உன் முடிச்சு அவுரும் போல.”

பத்தொன்பது நாளில் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அவன் பார்த்தது அப்போதுதான்.

அதுவும் நிலைக்கவில்லை. உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அரைகுறையா எழுதிட்டு எந்திரிக்காதடி. உங்கப்பா அரைகுறையா செஞ்சுதான் போய்ச் சேர்ந்தாரு.”

உள்ளே பென்சில் ஓடும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது.

சுவரில் அண்ணனின் படத்துக்கு அடித்த ஆணி வெறுமனே இருந்தது. படம் இன்னும் பீரோவுக்குப் பின்னால்தான்.

நடந்தது இவ்வளவுதான். உப்புநீர் தெறித்துத் தெறித்துப் பழைய விளக்குக்குள் இறங்கியிருக்கிறது. சட்டம் முழுக்க மின்சாரம் ஏறியிருக்கிறது. அண்ணன் ஒரு கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு மறு கையால் விளக்கை நகர்த்தினான். எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும். ஆள் போயிருக்க மாட்டான்.

விசாரிக்க வந்தவர்கள் பிளக்கைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், போய்விட்டார்கள். விளக்கை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அவன் மறுபடி ஈயம் வைக்கக் குனிந்தான். சூட்டுக்கோலை வேண்டியதைவிட அதிக நேரம் வைத்துவிட்டான். மூன்று நீலப் பொட்டுகள் அடுத்தடுத்துப் பொசுங்கின.

“பழசுலேருந்து கழட்டிக்கயேன்.” அண்ணி எழுந்து போய்ப் பரணிலிருந்து சாக்குப்பையை இழுத்தாள்.

“வேணாம் அண்ணி. கடையில வாங்கிக்கறேன்.”

“ஞாயித்துக்கெழம எவன் தொறந்து வச்சிருக்கான்? ஆளக் கொன்ன விளக்கு, மீனையாவது காப்பாத்தட்டும்.”

“நான் கழட்டறேன், குடுங்க.”

“நீ உன் வேலையப் பாரு.”

அவள் பழைய விளக்கை மடியில் கவிழ்த்துவைத்துத் திருகாணிகளைக் கழற்றினாள். மூடியைத் தூக்கினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடந்தது. கறுப்பு நாடாவை உரித்தாள். இரண்டு வயர்கள் சேரும் இடத்தில் விரல் வைத்து, பிரிப்பதற்காகத் திருகினாள்.

இறுகியது.

இன்னொரு முறை திருகினாள். இன்னும் இறுகியது.

அந்த விளக்கைக் கட்டிய அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். மூன்று முள் பிளக்கு கையில் இல்லை. ‘ரெண்டு முள்ளு போதும், தண்ணிக்குள்ளயா முக்கப் போறோம்’ என்று சொன்னது அண்ணன் இல்லை. அண்ணன் சொன்னது வேறு.

“நானே செஞ்சேன்னு சொல்லிக்கறேன்டா, நொட்டாங்கை. கல்யாணம் ஆன நாளா ஒரு ஆணிகூட அடிச்சதில்லன்னு உங்கண்ணி குத்திக் காட்டிக்கிட்டே இருக்கா. ஒரு தடவையாவது வாயப் பொளக்கட்டும்.”

அண்ணியின் விரல்கள் வயரின் மேல் அப்படியே நின்றன.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல்களை மாற்றிப் பிடித்தாள். மெதுவாக, மறுபக்கம் திருப்பினாள்.

முறுக்கு அவிழ்ந்தது.