அசையாத புள்ளி

மருத்துவமனையின் தொற்றுத்தடுப்பு அறையில், திரை முழுக்கக் குழந்தைகள் வார்டின் வரைபடம். ஊழியர்கள் கழுத்தில் தொங்கும் அட்டைகள் அதில் பச்சைப் புள்ளிகளாக ஊர்கின்றன. மூன்றாம் கட்டில் குழந்தைக்குச் சின்னம்மை என்று இப்போதுதான் உறுதியாகியிருக்கிறது. காலையிலிருந்து அந்தக் கட்டிலை நெருங்கியவர்கள் பதினான்கே பேர் என்று கணினி அடித்துச் சொல்கிறது; அச்செடுத்த பட்டியல் மேஜையில் இன்னும் சூடாகக் கிடக்கிறது. மூத்த செவிலி அதைத் தொடவில்லை. ஜன்னல் வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, சுவரோரத்துப் புள்ளி ஒன்றையே பார்க்கிறாள். நாலு மணி நேரமாக அது அசையவில்லை. அந்த வார்டில் நாலு நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்கக் கொடுத்துவைத்த செவிலி யார்? அந்த இடத்தில் இருப்பது கோட்டு மாட்டும் கொக்கி. புள்ளிக்குரிய இளம் செவிலியைப் போனில் கூப்பிடுகிறாள். "ஏம்மா, உன் அட்டை எங்க?" "வயித்துல இடிக்குதுன்னு கழட்டி மாட்டிட்டேன்க்கா." அந்த இளையவளுக்கு இது ஏழாம் மாதம். "மூணாம் கட்டில் குழந்தையைத் தூக்கினியா?" "அழுதுச்சேக்கா..." "உனக்கு முன்னாடி அம்மை வந்திருக்கா?" "இல்லக்கா." "பயப்படாத. ஊசி இருக்கு, நேரமும் இருக்கு. அட்டையை மாட்டிக்கிட்டு நேரா இங்க வா." பட்டியலின் அடியில் பதினைந்தாவது பெயரைப் பேனாவால் எழுதுகிறாள். திரையில் அந்தப் புள்ளி கொக்கியை விட்டுக் கிளம்பி, தாழ்வாரம் வழியாக அவள் அறையை நோக்கி விறுவிறுவென்று வருகிறது.