திரும்பிப் போகக் காரணம்

“என்னை உமக்கு அவ்வளவாப் பிடிக்காது எண்டு சொல்லும்” என்றான் சஞ்சயன்.

வாட்சப்பில் தெரிந்த தனுஷியாவின் முகம் ஒரு கணம் யோசித்தது. “அவ்வளவா எண்டால் எவ்வளவு?”

“கொஞ்சம் பிடிக்கும். லண்டனில தங்கிற அளவுக்குப் பிடிக்காது. ஹீத்ரோவில நிக்கிற ஒபிசருக்கு அப்பிடித்தான் விளங்கோணும்.”

அடுத்த நாள் அவளுக்கு விமானம். கட்டிய மனைவியை நாலு வருடமாகப் போனில் மட்டும் பார்த்துக் கண் பூத்துப்போன மனிதன், அவளை வரவேற்கத் தயாரான விதம் இது.

சஞ்சயனுக்கு லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு அறை, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, உள்துறையில் தூங்கும் ஒரு வதிவிட விண்ணப்பம். பதில் வருமுன் நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் விண்ணப்பம் அந்த இடத்திலேயே செத்துவிடும். ஆகவே அவள்தான் வரவேண்டும், அதுவும் விசிட் விசாவில். ஆறு மாதம் கூட இருந்தால் அதற்குள் வதிவிடம் கைக்கு வந்துவிடும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்பது திட்டம்.

திட்டம் போட்டுக் கொடுத்தவர் மரக்கறிக்கடை ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை. அரைக் கிலோ முருங்கைக்காய் வாங்குகிறவர்களுக்கு அவரிடம் விசா ஆலோசனை இலவசம். சொந்த மச்சானுக்கே மூன்றுதரம் விசா மறுத்துவிட்டார்கள் என்பதால், அந்தத் துறையில் அவரளவுக்கு அனுபவம் உள்ளவர் வட்டாரத்தில் இல்லை.

“வீட்டில சும்மா இருக்கிற பெண்சாதி எண்டால் விசா குடுக்க மாட்டினம் தம்பி” என்றார், கத்தரிக்காயைத் தராசில் போட்டுக்கொண்டே. “திரும்பிப் போறதுக்கு ஒரு காரணம் இருக்கோணும். அவவின்ர பேரில ஒரு யாவாரத்தைத் தொடங்கும்.”

“யாவாரமோ? அவவுக்கு அதில ஒண்டும் தெரியாதே, அண்ணை.”

“ஆர் யாவாரம் செய்யச் சொன்னது? ஒரு பேர்ப்பலகை, ரெண்டு போட்டோ, ஒரு பதிவுத் துண்டு. ஒபிசர் என்ன, சுன்னாகத்துக்கு வந்தே பாக்கப் போறான்?”

அப்படித்தான் யாழ்ப்பாணத்தில், தனுஷியாவின் ஊரான சுன்னாகத்தில், சந்தைக்குப் பக்கத்தில் ‘தனுஷியா மணவறைச் சோடனை’ என்று ஒரு பலகை ஏறியது. இரவல் மணவறை ஒன்றின் முன்னால் நின்று தனுஷியா படம் எடுத்துக்கொண்டாள். படத்தில் அவள் முகத்தில் தெரிந்த முதலாளிக் களையைப் பார்த்து, அண்ணையே ஒரு வெண்டிக்காயைக் கூடுதலாகப் போட்டார்.

அதற்குப் பிறகு அவன் எப்போது போன் எடுத்தாலும் பின்னால் ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம்.

“படம் எடுத்தாச்சே, இன்னும் என்னத்துக்கு ஆணி அடிக்கினம்?”

“ஆரும் வந்து விசாரிச்சால்? நம்புற மாதிரி இருக்க வேண்டாமோ? இஞ்சாருங்கோ, ஆக்கள் வந்திட்டினம், பிறகு எடுக்கிறன்.”

மனைவியின் கெட்டித்தனத்தை நினைத்துச் சஞ்சயனுக்குப் புல்லரித்தது.

விசாவும் வந்தது. “வெயில் காலத்தில வாரும், ஊர் சுத்தலாம்” என்றான்.

“ஏலாது. மார்கழியிலதான் ஏலும்.”

“மார்கழியிலயோ? குளிரில விறைச்சுப் போவீர்!”

“பரவாயில்லை. உங்கட பாஸ்போட் கொப்பியை வடிவாத் தெரியிற மாதிரி இன்னொருக்கா அனுப்புங்கோ.”

பாசம் குளிரையும் பார்க்காது போல என்று உருகிப்போய், உடனே அனுப்பினான். டிக்கெட்டை அவளே எடுத்தாள், இரண்டு வாரத்தில் திரும்புவதாக. அது சும்மா காட்டுவதற்கு. திகதியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணை சொல்லியிருந்தார்.

ஹீத்ரோவில் சஞ்சயன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். எப்படியும் இரண்டு மணித்தியாலம் வைத்துக் குடைவார்கள் என்று சாண்ட்விச்கூடக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அதைப் பிரிக்குமுன் தனுஷியா சின்னப் பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். “அதுக்குள்ள விட்டிட்டினமோ! என்னைப் பிடிக்காது எண்டு சொன்னனீரோ?”

“அது வாயில வரேல்லை.”

“அப்ப எப்பிடி?”

“ஒரு ஒபிசர் அம்மாதான் கேட்டா, நீ கட்டாயம் திரும்பிப் போவியோ எண்டு. தையில பதினெட்டுக் கலியாணம் பிடிச்சு வைச்சிருக்கிறன், ஆறு பேர் வேலைக்கு நிக்கினம், போகாமல் என்ன செய்யிறது எண்டனான். ஓடர் எழுதிற கொப்பியையும் காட்டினனான்.”

சஞ்சயன் சத்தம் போட்டுச் சிரித்தான். பக்கத்தில் பூங்கொத்தோடு நின்ற வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். “ஓடர்க் கொப்பியோ! அதையும் எழுதி வைச்சனீரோ? நடிப்பெண்டால் இதெல்லோ நடிப்பு! ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை உம்மட்டப் பிச்சை வாங்கோணும்.”

“பொறுங்கோ. அவ அதோட விடேல்லை. புருசன் இஞ்ச இருக்கேக்க, நீ அவரை விட்டிட்டு எப்பிடித் தனியப் போவாய் எண்டு கேட்டா.”

சஞ்சயனின் சிரிப்பு நின்றது. அவன் கொடுத்த பயிற்சியில் இந்தக் கேள்வி இல்லை. “ஐயையோ! நீர் என்ன செய்தனீர்?”

தனுஷியா பெட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

“என்னோட திரும்பிறதுக்கு எடுத்த உங்கட டிக்கெட்டையும் காட்டினனான்.”