கை படாத கல்

மலை சூளையாகப் புகைகிறது. கொம்பொலி ஏற ஏற, அடிவாரத்து எல்லைக் கல்வரிசைக்கு இப்பால் நிற்கிற சனங்கள் கல் பொறுக்குகிறார்கள். அப்பால், நாலே எட்டுத் தொலைவில், தப்பி ஓடிய ஆட்டுக்குட்டியைத் துரத்திப் பிடித்து மார்போடு அணைத்து நிற்கிறான் கர்மீ. மலையைத் தொட்ட மனிதன்மேலோ மிருகத்தின்மேலோ யார் கையும் படக்கூடாது, கல்லெறிந்தே கொல்ல வேண்டும் என்பது கடவுளின் கட்டளை. எல்லோரும் ஒரே வாயாகச் சம்மதித்து மூன்று நாள்தான் ஆகிறது. அண்ணன் பல்லூவின் கையிலும் கல் இருக்கிறது. "குதிச்சு இங்கிட்டு வந்துருடா." "வந்தா ஒன்னையும் சேத்து அடிப்பாங்கண்ணே. நீயே எறி. இவனுங்க அடிமையாக் கெடந்து செங்கல் அறுத்த பயலுக, குறி தெரியாது. பொழுது சாயுற வரைக்கும் எறிவானுங்க." பல்லூவுக்குப் பின்னால் கூட்டத்திலிருந்து பறந்த கல் கர்மீயின் தாடையைப் பெயர்க்கிறது. குட்டி துள்ளிக் குதித்து, கத்திக்கொண்டே பல்லூவின் காலை நோக்கி ஓடி வருகிறது. அதைத் தொடப் பயந்து அவன் பின்வாங்குகிறான். கர்மீ முழங்காலில் விழுந்து, இரத்தம் ஒழுக, நெற்றியை அண்ணனுக்குக் காட்டுகிறான். பல்லூ கையை ஓங்குகிறான். கல் விரலை விட்டுப் போகிறது. அதே நொடியில் மலையுச்சி நெருப்புக்குள்ளிருந்து "உன் கடவுள் நானே" என்று ஒரு குரல் எழும்புகிறது. சனம் மொத்தமும் குப்புற விழுகிறது. பல்லூ மட்டும், நீட்டிய கையோடு, நின்றுகொண்டிருக்கிறான்.