முந்நூற்று நாற்பது கிலோமீட்டர்

அன்று வீட்டின் முன் நின்றவர்கள் நான்கு பேர்: எண்பத்துநான்கு வயது இர்மா டிக், அவருடைய மகன் ஃபெர்ட், மகள் டீனா, இழுவை லாரி ஓட்டும் கென். பனிப்புயலில் இரண்டு நாள் போயிருந்த மின்சாரம் காலையில்தான் வந்திருந்தது. மறுநாள் கனடாவின் ரெஜைனா நகரில் டீனாவின் மகளுக்குத் திருமணம். டீனாவின் மின்சாரக் காரில் துளி சார்ஜ்கூட இல்லை; வீட்டு மின்சாரத்தில் ஏற்ற ஒரு நாளுக்கு மேல் ஆகும். பிராண்டன் நகரின் சார்ஜருக்குக் கொண்டுபோகக் கென் அதை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“வந்தப்போ கார் திரை எவ்வளவு காட்டுச்சு?” என்றான் ஃபெர்ட்.

“முந்நூத்தி நாப்பது கிலோமீட்டர், அண்ணா.”

“பிராண்டன் சார்ஜருக்குத் தொண்ணூறுதான். அதை நம்பினே பாரு.”

“அப்படியே நம்பலை. குளிருக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சேன். எதிர்காத்துக்கு இன்னும் அம்பது.”

“கழிச்சு என்ன புண்ணியம்? நின்ன இடத்துலயே பனி குடிச்சிடுச்சு. கென், ஊர்ல சொல்லுங்க. டீசல் வண்டி நல்லா விக்கும்.”

கென் சிரித்தார்.

வாசலில் நின்ற இர்மா மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

“ஃபெர்ட், நீ வாங்கிக் குடுத்த ஜெனரேட்டர் எங்கே?”

“கொட்டகையில. ரெண்டு நாளா உன் ஆக்சிஜன் மெஷினை ஓட்டினது அதுதானேம்மா?”

“அது ஒரு தடவை இருமிட்டுப் படுத்துடுச்சு. உனக்குத் தலைகுனிவுன்னு இவ சொல்லாம நிக்கிறா. வீட்டு ஹீட்டரும் என் மூச்சும் இந்தக் கார் பேட்டரியிலதான் ஓடுச்சு.”

ஃபெர்ட் டீனாவின் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைத்தான்.

டிக் குடும்பத்துக் காரின் பேட்டரியைப் பனி குடித்துவிட்டதாக ஊரில் இன்னும் பேசுகிறார்கள். அது பொய்.