மத்தியானம் சாகும் போன்

“மெஷின்ல கோளாறு இல்லேன்னா, கோளாறு இந்தப் பொண்ணுகிட்டதான். இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்” என்றார் மேனேஜர்.

அந்தப் பார்சல் அலுவலகத்தின் புக்கிங் மேசையில் இருந்த டிஜிட்டல் போன், தினமும் மத்தியானம் செத்துப்போகும். சற்று நேரம் கழித்துத் தானாக உயிர்பெறும். மேசைக்குரிய பெண் வெளிறிப்போய் நின்றாள்.

“பாவம் சார் அது” என்று, போனைப் பழுதுபார்க்க வந்திருந்த மெக்கானிக்கின் காதைக் கடித்தான் பக்கத்து மேசைக்காரன். “ஏற்கெனவே தேள்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்குது.”

“தேளா?”

“எங்க சூப்பர்வைசரம்மா. வேலை முடிஞ்சாலும் இவளை விடாது. தன் பையைத் தூக்க வெச்சு, வீடு வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகும்.”

“வம்பளக்கத்தான் சம்பளமா?” பின்னாலிருந்து ஒரு குரல் கொட்டியது. அவன் குனிந்துகொண்டான்.

மத்தியானம் போனின் விளக்கு அணைந்தது. மெக்கானிக் அதைக் கழற்றிப் பக்கத்து மேசையில் மாட்டினார், பேசியது. பக்கத்து மேசைப் போனை இங்கே மாட்டினார், இருண்டது. அலுவலகத்தின் எக்ஸ்சேஞ்சில் அந்த லைனை வேறு சர்க்யூட் கார்டுக்கு மாற்றிப் பார்த்தார்; அப்போதும் உயிரில்லை. போனும் நல்லது, கார்டும் நல்லது. மிஞ்சியது கம்பி.

இணைப்புப் பெட்டி படிக்கட்டின் அடியில் இருந்தது. இருட்டில் ஏதோ அசைய, திடுக்கிட்டு டார்ச் அடித்தார்.

தேள்! விரல்களில், பெட்டியிலிருந்து பிடுங்கிய கம்பி முனைகள்.

“ஒரு பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட இப்படியொரு வழியாம்மா?”

“மெதுவாப் பேசுங்க. கொஞ்ச நேரம் போகட்டும், நானே மாட்டிடறேன்.”

“அதை மேனேஜர்கிட்ட சொல்லுங்க.”

“ஐயோ, இப்ப மாட்டாதீங்க!”

அவர் கம்பியை அழுத்திப் பொருத்திவிட்டு மேலே வந்தார். போன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இரு கைகளையும் மடிக்குள் ஒளித்திருந்தாள்.

“எடும்மா, சரியாயிடுச்சு.”

அவள் அசையவில்லை. லைன் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க அவரே எடுத்தார்.

“என்னடி, தினமும் இந்நேரத்துக்கு அடிக்கிறேன், இன்னிக்குத்தான் போன் வேலை செய்யுதா?” ஓர் ஆண்குரல் சிரித்தது. “புருஷனை விட்டு ஓடிவந்துட்டா தப்பிச்சுடுவியா? சாயங்காலம் வாசல்லயே நிப்பேன். நீ தனியா வர்ற அன்னிக்கு இருக்கு உனக்கு.”

லைன் மிகத் தெளிவாக இருந்தது. அவர் ரிசீவரை வைத்தார்.

“மேனேஜருக்குத் தெரிஞ்சா, வீட்டுச் சண்டைக்கு இங்க இடமில்லைன்னு அனுப்பிடுவாரு” என்று பின்னாலேயே வந்து கிசுகிசுத்தாள் தேள்.

மேனேஜர் வந்துவிட்டார். “என்னய்யா கோளாறு?”

“இந்த நம்பரே கெட்டுப்போச்சு சார். மாத்தித்தான் ஆகணும்.”

“நம்பர் எங்கயாவது கெட்டுப்போகுமா?”

“இது ரொம்பவே கெட்டுப்போச்சு சார்.”

புது எண்ணைக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பியபோது அலுவலகம் மூடும் நேரம். வாசலில் தேளின் குரல் கேட்டது: “எங்கடி நழுவற? பையை யாரு தூக்குவா? ஒட்டியே வா.”

பெண் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“பார்த்தீங்களா சார், ஈவு இரக்கமே கிடையாது” என்று உச்சுக்கொட்டினான் பக்கத்து மேசைக்காரன்.

எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்த ஒருவன் நிமிர்ந்து நின்றான். அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் தேள் நடந்தாள்.

காற்று அடித்தது. பெண்ணின் தோளில் பை தட்டையாகப் புரண்டு பறந்தது. அதற்குள் ஒன்றுமே இல்லை.