உறையாத துளி

"உறைஞ்சிருச்சு சார்" என்றான் விருமாண்டி. "தயிராட்டம் கட்டி கட்டியாத் திரண்டிருச்சு."

சோதனைக்கூட மேசைமேல், சிறுநீரில் மருந்து கலந்த வெள்ளைத் துளி ஒன்று கண்ணாடித் தகட்டில் திரண்டிருந்தது. உசிலம்பட்டியில் பால்மாடு வைத்திருப்பவனுக்கு, உறைந்தால் நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம்; இன்னும் பிள்ளை இல்லை. மனைவி செல்லத்தாய் உள்ளே வரப் பயந்து வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவகிட்டச் சொல்லிட்டு வாரேன்" என்று திரும்பினான்.

"நில்லுங்க. அது என்னோடது" என்றார் டெக்னீஷியன் ஹாலாஸ்யம். "மருந்து கெடாம இருக்கான்னு பார்க்க, முதல்ல என்னோடதைப் போட்டுப் பார்ப்பேன். உங்க சம்சாரத்தோடது இந்தத் தகடு."

அந்தத் தகட்டில் துளி, கறந்த பால் போலவே கிடந்தது. விருமாண்டி குனிந்து தகட்டை உற்றுப் பார்த்தான்.

"இம்புட்டு நேரமாச்சு, ஒண்ணுமே ஆகலையே சார். அவகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"உங்க கணக்குப்படி பார்த்தா, பிள்ளை எனக்குல்ல பொறக்கணும்?" ஹாலாஸ்யம் சிரித்தார். "வயித்துல கரு தங்கினா சிறுநீர்ல ஒரு ஹார்மோன் வரும். மருந்துல துகளைத் திரட்டுறதுக்குன்னு இருக்கிற ஆன்டிபாடி ஓடிப்போய் அதைக் கட்டிப் பிடிச்சுக்கும். அப்புறம் இந்த வெள்ளைத் துகளைத் திரட்ட அதுக்குக் கை ஏது? திரளலைன்னா, உண்டாயிருக்காங்கன்னு அர்த்தம்."

விருமாண்டி உறையாத அந்தத் துளியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"சார், நான் சொன்னா நம்ப மாட்டா. கையோட கூட்டியாறேன். அவ கண்ணு முன்னால, மொதல்ல உங்களோடதைப் போட்டு, பெறகு அவளோடதைப் போட்டு, இன்னொருக்கச் செஞ்சு காட்டுவீகளா?"