சரளா டீச்சரின் இரண்டாம் பாகம்

சுரேந்திரா புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். முன்கண்ணாடி ஓரத்தில் இருந்த லட்சுமி படத்தைக் கொஞ்சம் நகர்த்தி, அந்த இடத்தில் அட்டை வெளியே பார்க்கும்படி புத்தகத்தை நிமிர்த்தி வைத்தான். பிறகுதான் தன் சரக்கு வண்டியைக் கிளப்பினான்.

பக்கத்து இருக்கையில் இருந்த சரளா டீச்சருக்கு மனசு நிறைந்துவிட்டது. அது அவர் எழுதிய புத்தகம். இயேசு சொன்ன கதைகளையெல்லாம் ஃபிஜியில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு நடந்ததுபோல் எழுதி, ‘கரும்புக் காட்டில் கர்த்தர்’ என்று பெயர் வைத்திருந்தார். வருஷா வருஷம் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற குடும்பத்துப் பிள்ளை சுரேந்திரா. அவனே அதை லட்சுமிக்குப் பக்கத்தில் வைக்கிறான் என்றால் சும்மாவா?

அதை அச்சில் பார்க்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தலைநகர் சுவாவில் இருந்த கிறிஸ்தவப் பதிப்பகம், தமிழை இங்கே யார் படிக்கிறார்கள், இந்தியில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றது. மதராஸுக்கு அனுப்பியதற்குப் பதிலே இல்லை. பதிப்பாளர் பிடித்துத் தருவதாகச் சொன்ன ஆக்லாந்துப் பாதிரியார், உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றதோடு சரி.

பா ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பல்ராமும் முதலில் கையை விரித்தவன்தான். ஆனால் ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடே கலங்கிக் கிடந்த சமயத்தில், என்ன தோன்றியதோ, அவனாகவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். அவனிடம் தமிழ் எழுத்து இல்லாததால் டீச்சரின் கையெழுத்தையே படமெடுத்து அச்சடித்தான். அட்டை விஷயத்தில் மட்டும் ஒரே பிடிவாதம். முன்னாலும் பின்னாலும் பாதி அட்டைக்குச் சிவப்புச் சிலுவை. தலைப்பு எங்கோ ஒரு மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி. டீச்சருக்கு வருத்தம்தான். ஆனாலும் புத்தகம் போட்டுத் தருகிறவனிடம் என்னத்தைச் சண்டை பிடிப்பது?

போன வாரம் தெருவில் போன டீச்சரைப் பார்த்து, அந்தப் பல்ராம் தன் கடை வாசலுக்கே வந்து சொன்னான். “எல்லாம் வித்துக் கலாஸ் டீச்சர். இன்னொரு தடவ அடிக்கணும்.”

டீச்சரால் நம்பவே முடியவில்லை. பா முழுக்கத் தேடினாலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். வீட்டுக்கு ஒரு பெரியவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று அவராகவே சமாதானம் செய்துகொண்டார்.

வண்டி வேகம் குறைந்தது. சாலையின் குறுக்கே கம்பைப் போட்டுக்கொண்டு ஒரு பட்டாளத்துக்காரன் நின்றிருந்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போகிறவர்களைத் தவிர யாரும் அன்றைக்கு வண்டி எடுக்கக் கூடாது என்பது புதுச் சட்டம்.

டீச்சர் மடியில் இருந்த பைபிளைத் தூக்கிக் காட்டினார். பட்டாளத்துக்காரன் “பூலா” என்று வணக்கம் சொல்லிச் சிரித்துவிட்டுக் கம்பை உயர்த்தினான். சர்ச்சுக்கென்று உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையைப் பெருமையோடு ஒரு முறை நீவிவிட்டுக்கொண்டார் டீச்சர். வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் ஏதோ கல்யாண வீட்டு அண்டாக்கள் கடகடவென்று உருண்டன.

“சுரேந்திரா, புக்கு எப்படி இருக்கு? மறைக்காம சொல்லு” என்றார்.

“என்னத்தச் சொல்றது டீச்சரம்மா. முன்னெல்லாம் வீட்ட விட்டுக் கெளம்பினாலே நெஞ்சு அடிச்சுக்கும். உங்க புக்கு வந்தப்புறம் ஒரு பயமும் இல்ல. எங்கண்ணன், மச்சான், எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ரக்கிரக்கிலருந்துகூட ஆளுங்க வந்து வாங்கிட்டுப் போறாங்க.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆக்லாந்தில் இருக்கும் மகன் அவினேஷ் எல்லாக் காகிதமும் தயார் செய்து டிக்கெட்டும் எடுத்துவிட்டான். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. இனி இங்கே யாருடன் பேசுவது என்று அவரும் சரி சொல்லியிருந்தார். ஆனால் புத்தகம் விற்றுத் தீர்ந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. போக வழியில்லாமல் பயந்து கிடக்கிற ஜனங்களுக்குத் தன் எழுத்து தைரியம் கொடுக்கிறது என்றால், அவர்களை விட்டுவிட்டு எப்படி விமானம் ஏறுவது? வரமாட்டேன் என்று நேற்று போனில் சொன்னதற்கு, அவினேஷ் பைத்தியமா உனக்கு என்று கத்தினான். டீச்சர் அசைந்து கொடுக்கவில்லை.

சர்ச் வாசலில் வண்டி நின்றதும் ஊரில் முதல் ஆளாகச் சுரேந்திராவிடம்தான் அதைச் சொன்னார்.

“நான் போகலப்பா. டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன். இங்கயே இருந்து ரெண்டாம் பாகம் எழுதப் போறேன்.”

சுரேந்திராவுக்கு வாயெல்லாம் பல். ஓடிவந்து கதவைத் திறந்து, கைப்பிடித்து இறக்கிவிட்டான். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டே, ஒரு விஷயம், தப்பா எடுத்துக்க மாட்டீங்களே என்று இழுத்தான்.

எந்தக் கதையை எழுதச் சொல்லப்போகிறானோ என்று டீச்சர் ஆசையோடு நின்றார். “உங்களுக்காகத்தானே எழுதுறேன், கூச்சப்படாம சொல்லுப்பா.”

“சிலுவைய மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா போடச் சொல்லுங்க டீச்சரம்மா. தூரத்துலயே பட்டாளத்தான் கண்ணுல பட்டுட்டா, வண்டிய நிறுத்தவே வேணாம்.”